எட்டாம் நம்பர் இலை

ஆய்வகத்தில் அவனைக் ‘கஷாயம்’ என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. கோபித்துக்கொள்ள முடியாது. ஆறு வருஷமாக அவன் செய்துகொண்டிருந்த வேலை அப்படி. இலைகளை நிழலில் காயவைப்பான், பொடிப்பான், ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டுவான். வடித்ததை வற்றவைத்தால் குடுவையின் அடியில் தார் போல ஒரு பச்சைக் களிம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஒரு கரைப்பான் திரவத்தில் கரைத்து, சின்னச் சின்னக் குழிகளில் புற்றுநோய் செல்கள் வளரும் தட்டில் சொட்டுச் சொட்டாக விடுவான். செல் செத்தால் சந்தோஷம். சாகாவிட்டால் அடுத்த இலை.

அவை கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோயின் செல்கள். அந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். செல்லுக்குள் புகுந்துகொண்டு, “போதும், இனி பெருகாதே” என்று தடுக்கிற புரதத்தை அது கெடுத்துவிடும். தடுக்க ஆளில்லாத செல் தன் பாட்டுக்குப் பெருகிக்கொண்டே போகும். இருபத்து மூன்று இலைகளை அவன் சோதித்துப் பார்த்தான். எட்டாம் நம்பர் ஒட்டிய குப்பியில் இருந்த இலை மட்டும் வேலை செய்தது. சாக்கடை ஓரத்திலும் மதில் இடுக்கிலும் யாரும் வைக்காமல் தானாக முளைக்கிற செடி அது. அளவு கூடக் கூட செல்கள் செத்தன. மேல் அளவில் பத்துக்கு எட்டு செல் காலி. வைரஸ் உண்டாக்கும் புரதமும் குறைந்திருந்தது. மேடம், அதாவது ஆய்வகத் தலைவி, எல்லோர் முன்னாலும் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

கட்டுரை எழுத உட்காருவதற்கு முன், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஒன்றை அவன் செய்தான். இந்த இலையின் களிம்பு மட்டும் சரியாகக் கரையாததால் மேல் அளவுகளில் கரைப்பானை அவன் கூடுதலாக விட்டிருந்தான். இலையே இல்லாமல் அதே அளவு கரைப்பானை மட்டும் விட்டால் என்ன ஆகும்? விட்டுப் பார்த்தான். இரண்டு நாள் கழித்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபோது, அந்தக் குழிகளிலும் செல்கள் செத்து உருண்டு, தட்டின் அடியை விட்டுக் கழன்று மிதந்துகொண்டிருந்தன.

கொன்றது இலை இல்லை. இலையைக் கரைத்த திரவம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. வைரஸ் புரதம் குறைந்ததும் அப்படித்தான். சாகிற செல்லில் எல்லாமேதான் குறையும்.

அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். அவனுடைய வேலை நீட்டிப்புக் கடிதத்தில் மேடம் கையெழுத்துப் போட வேண்டிய மாதம் அது. தட்டின் ஓரத்துக் குழிகள் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பது எல்லா ஆய்வகத்திலும் தெரிந்த சங்கதி. இந்தக் குழிகளும் ஓரத்தில்தான் இருந்தன. பேனாவை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதினான்: “ஓரக் குழிகள் காய்ந்தன. சேர்க்கவில்லை.” தட்டைக் கழிவுப் பையில் போட்டான். அவ்வளவுதான். ஒரு பொய் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று பிற்பாடு யோசித்திருக்கிறான். பேனா மூடியைத் திறந்து மூடுகிற நேரம்கூட ஆகவில்லை.

கட்டுரை வந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். செடியைக் கையில் பிடித்தபடி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். “இது தட்டுல நடந்த சோதனைதாங்க, மனுஷங்களுக்கு இன்னும் குடுத்துப் பார்க்கல” என்று அவன் ஒரு தடவை சொன்னான். அவர் தலையாட்டிக்கொண்டார், எழுதவில்லை. அந்த வாக்கியம் பேப்பரில் இல்லாததை அவன் கவனித்தான். ஆனாலும் நாம் சொல்லிவிட்டோமே என்கிற நினைப்பே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. “கர்ப்பப்பைப் புற்றுநோயை விரட்டும் சாக்கடையோரச் செடி” என்று தலைப்பு.

அவனுடைய அண்ணன் ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டிவிட்டார். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காட்டினார்.

அந்த வாரம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது அண்ணி பின்னாலேயே துண்டோடு வந்து நின்றாள். அவன் பதினோரு வயதில் தாயை இழந்தவன். மறு வருஷம் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த அண்ணிதான் அவனை ஆளாக்கினாள். பள்ளிச் சீருடைகள் தைக்கும் கூடத்தில் வேலை. அவனுடைய சட்டைக் காலர் நைந்துபோனால் பிரித்துத் திருப்பித் தைத்து, புதுச் சட்டை மாதிரி ஆக்கிவிடுவாள். அவன் காய்ச்சலில் வாந்தி எடுத்ததைக் கையில் வாங்கியவள்.

“தம்பி, அந்த நோய் எதனால வருது?” என்று கேட்டாள்.

“ஒரு கிருமி அண்ணி.”

“அது எப்படி வரும்?”

அவனுக்குக் காது சூடாயிற்று. தினமும் பத்துத் தடவை அந்த வைரஸின் பெயரைச் சொல்கிறவன் அவன். அது உடலுறவில் பரவுகிறது என்று மேடையில் நின்று நூறு பேருக்கு முன்னால் படம் போட்டுக் காட்டியிருக்கிறான். அண்ணியிடம் அந்த வார்த்தை வாய் வரைக்கும்கூட வரவில்லை.

“சும்மா வரும் அண்ணி. சளி புடிக்கிற மாதிரி.”

“ஓ” என்றாள் அவள். துண்டைக் கொடுத்தாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிரிக்கெட்டைப் பற்றி அண்ணனிடம் ஏதோ கேட்டபடி முன்னறைக்குப் போய்விட்டான்.

*

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அங்கே போனான். அண்ணன் கடைக்குப் போயிருந்தார். மாடிப்படியில் ஏறும்போதே பார்த்தான்: வரிசையாகக் காலி பெயின்ட் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் எட்டாம் நம்பர் செடி. தளதளவென்று வளர்ந்திருந்தது. பாதிக் கிளைகளில் இலை இல்லை.

“என்ன அண்ணி, சாக்கடைச் செடிக்கு ராஜ உபசாரமா?” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

அண்ணி தையல் மெஷின் முன் உட்கார்ந்து ஒரு சின்னச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளரில் பச்சையாக ஏதோ இருந்தது.

“இது என்ன?”

“உன்னோடதுதான். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

“எதுக்கு?”

அவள் ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு நூலை இழுத்து அறுத்தாள்.  எங்கே தொடங்குவது என்று தெரியாதவள் மாதிரி இருந்தது.

“எங்க கூடத்துல வந்து ஒரு டெஸ்ட் எடுத்தாங்க தம்பி. பொம்பளைங்களுக்கு மட்டும். எனக்கு அப்பவே கொஞ்ச நாளா, நாள் தப்பித் தப்பி உதிரம் பட்டுக்கிட்டிருந்துச்சு. டெஸ்டுல ஏதோ சரியில்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு சீட்டு குடுத்தாங்க. அதுல அந்தக் கிருமி பேரு போட்டிருந்துச்சு. உன் பேப்பர்ல இருந்த அதே பேரு.”

“எப்போ?”

“நீ பேப்பர்ல வந்த வாரம்.”

அன்றைக்குத் துண்டோடு வந்து நின்றது எதற்கு என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

“ஏன் அண்ணி போகல?”

“நம்ம வீட்டுலயே மருந்து கண்டுபுடிச்ச ஆளு இருக்கறப்போ நான் எதுக்கு எவன் முன்னாடியோ போய் அப்படிப் படுக்கணும்?” சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “இன்னொண்ணும் இருக்கு. எங்க கூடத்துல ஒருத்தி சொன்னா, அது நடத்தை சரியில்லாதவங்களுக்கு வர்றதுன்னு. உங்க அண்ணன்கிட்ட சீட்டக் காட்டுனா அவரு என்ன நினைப்பாரு? இல்லேன்னா நான் அவரப் பத்தி என்ன நினைக்கிறது? கேக்கவும் பயம், கேக்காம இருக்கவும் பயம். இதக் குடிச்சாப் போயிடும், யாருக்கும் தெரியாம முடிஞ்சிடும்னு இருந்தேன்.”

அவன் டம்ளரை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

“அண்ணி, இதுல ஒண்ணும் இல்ல.”

“இல்ல தம்பி, கொஞ்சம் கேக்குது. போன மாசம் படவே இல்ல.”

“இதுல ஒண்ணும் இல்ல அண்ணி. இது வெறும் இலை.”

“உனக்கு எப்பவும் தன்னடக்கம்தான்” என்றாள்.

அந்த வார்த்தை அவனைக் கூனிக் குறுக வைத்தது. சுவரோடு போய் நின்றுகொண்டு சொன்னான்: “நான் பொய் எழுதிட்டேன் அண்ணி. செல்லு செத்தது இலையால இல்ல. அதக் கரைக்கிற தண்ணியால. எனக்கு அது தெரியும். எழுதறதுக்கு முன்னாடியே தெரியும். மறைச்சுட்டேன்.”

தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக் கத்திக்கொண்டு போனார்கள். அண்ணி அடுத்த பொத்தானை எடுத்தாள். நான்கு துளைகளிலும் நூலை ஓட்டி, முடிச்சுப் போட்டு, சட்டையை மடித்து வைத்தாள்.

“அஞ்சு மாசமாக் குடிக்கிறேன்” என்றாள். “கசப்பு நாக்குலயே நிக்குது.”

அவன் அழுதான். அவள் எழுந்து வந்து தேற்றவில்லை. சின்ன வயதிலிருந்து அவன் அழுதால் எங்கிருந்தாலும் ஓடி வருகிறவள் அவள்.

அவன் அழுது ஓய்ந்த பிறகு, “நீ பொய் எழுதுனது கூட எனக்குப் பெருசா தெரியல” என்றாள். “நான் நேருக்கு நேரா உன்னக் கேட்டேன் பாரு. சளி மாதிரின்னு சொன்னியே. அப்போ உண்மையச் சொல்லியிருந்தா நானும் என்னோடதச் சொல்லியிருப்பேன்.”

*

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி, அவன் எல்லாவற்றையும் சொன்னான். அந்தக் கிருமி எப்படி வருகிறது, கல்யாணமானவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஒரு காலத்தில் வந்து தானாகவே போய்விடும், சிலருக்கு மட்டும் போகாமல் பதினைந்து இருபது வருஷம் சத்தமில்லாமல் கிடக்கும், யார் எப்போது யாருக்குக் கொடுத்தார்கள் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, இதில் நடத்தை என்று பேச ஒன்றுமில்லை. பேச ஆரம்பித்த பிறகு இரண்டு நிறுத்தம்கூட ஆகவில்லை. இதற்கா இத்தனை நாள்?

“இத உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு” என்றாள் அண்ணி. “என்னால முடியாது.”

டாக்டர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். அண்ணியைத் திரைக்குப் பின்னால் பரிசோதித்துவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, பழைய சீட்டின் தேதியைப் பார்த்தார். “அஞ்சு மாசம் என்னம்மா பண்ணீங்க?”

“ஒரு இலைச் சாறு குடிச்சேன் டாக்டர்.”

“எந்த இலை?”

அண்ணி சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க மூணாவது ஆள். எவனோ ஒருத்தன் பேப்பர்ல போட்டாலும் போட்டான். யாரும்மா உங்களுக்குச் சொன்னது?”

அவன் அண்ணியின் நாற்காலிக்குப் பின்னால், அவளுடைய பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை.

“யாரோ சொன்னாங்க டாக்டர்” என்றாள்.

நான்தான் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். திறந்தது நிஜம். ஆனால் டாக்டர் ஏற்கெனவே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார், அவன் அவரை இடைமறிக்கவில்லை. சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். வெளியே வந்து மரப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் “யாரோ” என்ற அந்த வார்த்தை அவன் காதில் குடைந்துகொண்டிருந்தது. அவனை ஆளாக்கிய மனுஷி, தன் உடம்பைப் பற்றி அந்நியரிடம் சொல்லக் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரத்திலும், அவன் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொன்னாள். அவன் அதைப் பேசாமல் வாங்கிக்கொண்டான்.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவில் இறங்கியிருந்தது. ஆபரேஷன் பண்ணும் கட்டம் போய்விட்டது, கதிர்வீச்சும் மருந்தும்தான் என்றார்கள். “அஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா?” என்று அவன் கேட்டான். டாக்டர் அவனைப் பார்த்தார். “இப்போ அதச் சொல்ல முடியாதுப்பா. ஒருவேளை சின்னதா முடிஞ்சிருக்கலாம். ஒருவேளை இதேதான் ஆகியிருக்கும்.”

திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்த “ஒருவேளை”தான் அவனை விட்டுப் போகவே இல்லை.

அண்ணனிடம் கடையில் வைத்தே சொன்னான். அவர் கழற்றிப்போட்ட கம்ப்ரஸர் முன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கிருமியைப் பற்றிச் சொன்னபோது ஸ்க்ரூடிரைவரை விரல்களில் உருட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்.

“என்கிட்டருந்து அவளுக்குப் போயிருக்குமா?”

“இருக்கலாம்ணே. யாருக்கும் தெரியாது.”

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். கிரீஸ் கறை. பிறகு இலையைப் பற்றி அவன் சொன்னான். அவர் எழுந்தார். நாற்காலியைப் போட்டு ஏறி, கண்ணாடிச் சட்டத்தின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இறங்கும்போது, “எட்டு பேருக்குச் செடி குடுத்திருக்கேன்டா” என்றார். “எல்லாருகிட்டயும் என் தம்பி கண்டுபுடிச்சதுன்னு சொல்லித்தான் குடுத்தேன்.” அந்த எட்டு வீட்டுக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் தட்டுவது அண்ணன், பேசுவது தம்பி. ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில், “பரவால்ல, எங்களுக்கு நல்லாத்தான் கேக்குது” என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மேடத்தின் முன்னால் குறிப்பேட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினான். அவர் படித்தார். அவனை எப்போதும் ‘நீ’ என்று பேசுகிறவர், “எப்போ தெரியும் உங்களுக்கு?” என்று கேட்டார். அந்த ‘உங்களுக்கு’ அவன் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த வரிய நானும் அப்பவே பார்த்தேன்” என்றார் பிறகு, குரலைத் தாழ்த்தி. “ஏன் ஓரத்துல வச்சீங்கன்னு கேட்டிருக்கணும். கேக்கல.”

கட்டுரையை அவர்களே திரும்பப் பெற்றார்கள். பெறுவதற்கு நாலு மாதம் ஆனது. படம் போட்ட பத்திரிகை பதினோராம் பக்கத்தில் இரண்டு வரி போட்டது, படம் இல்லாமல். அவனுடைய வேலை நீட்டிக்கப்படவில்லை. கடைசி நாட்களில் ஆய்வகத்தில் யாரும் அவனைக் கஷாயம் என்று கூப்பிடவில்லை. மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆறு வருஷக் கிண்டலில் ஒரு நாளும் வலிக்காதது அந்த மரியாதையில் வலித்தது.

டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு போனான். தபாலில் போட்டால் மறுபடியும் ஒளிந்துகொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அவர் நின்றபடியே படித்தார்.

“அன்னைக்கு நீங்க அங்கதானே நின்னீங்க?”

“ஆமாம் டாக்டர்.”

“அவங்க ‘யாரோ’ன்னாங்க.”

“ஆமாம்.”

அந்த இலைச் சாற்றைக் குடித்துவிட்டு அவரிடம் வந்த மற்ற இரண்டு பேரைப் பற்றிக் கேட்டான். ஒருவருக்குச் சிகிச்சை நடக்கிறது என்றார். இன்னொருவர் இரண்டாம் தடவை வரவே இல்லை, கொடுத்த போன் நம்பரும் தப்பு. யார், எந்த ஊர் என்று அவனுக்குச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.

அண்ணிக்கு இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு. இருபத்தைந்து நாளும் அவன்தான் கூடப் போனான். முதல் பத்து நாள் அவள் அவனோடு தேவைக்கு மட்டும் பேசினாள்: தண்ணி குடு, பையப் புடி, அந்த ஃபேனைப் போடு. பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, எதிர் பெஞ்சில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்குவதைப் பார்த்து, “உங்க அண்ணன் மாதிரியே” என்றாள். அவன் சிரித்தான். அவளும் லேசாக. பழைய மாதிரி ஆகிவிட்டது என்று அவன் நினைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகும் சில நாள் அவள் பேசாமல் வந்தாள்.

இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. சோதனைகளில் நோய் திரும்ப வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆகியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முடிவு வருகிற வரைக்கும் அவனுக்குச் சோறு இறங்காது. அவன் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறான்.

போன மாதம் அண்ணி போன் பண்ணினாள். “எங்க கூடத்துல மறுபடி அந்த டெஸ்ட் எடுக்க வர்றாங்களாம். ஒருத்தியும் பேரு குடுக்க மாட்டேங்கிறா. நீ வந்து சொல்லு.”

“நானா அண்ணி? பொம்பளைங்க நடுவுல நான் எப்படி… ஒரு நர்ஸ் வந்து சொன்னா—”

“நீதான்” என்றாள் அண்ணி.

மத்தியான இடைவேளையில் போனான். நாற்பது பேர் இருக்கும். மெஷின்களை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தரையெல்லாம் நீலத் துணி வெட்டு. முதலில் தான் யார், என்ன எழுதினான், அதனால் என்ன ஆனது என்று சொன்னான். அண்ணி பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் அவளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கிருமியைப் பற்றிச் சொன்னான், எதையும் பூசி மெழுகாமல். இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வயதான அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். அவன் கழுத்தெல்லாம் வியர்த்தது. நிறுத்தவில்லை.

“அப்போ அந்த இலை சளிக்காவது ஆகுமா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றான். “தெரியாதத இனிமே சொல்ல மாட்டேன்.”

“டெஸ்டு வலிக்குமா?” என்றாள் இன்னொருத்தி, அவன் முகத்தைப் பார்க்காமல்.

அவன் பதில் தேடுவதற்குள் கடைசி மெஷினிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. “வலிக்காதுடி. கூச்சமா இருக்கும். கண்ண மூடிட்டு உன் மாமியாரத் திட்டிக்கிட்டு இரு, அதுக்குள்ள முடிஞ்சிடும்.”

கூடமே சிரித்தது. பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். மற்றவர்கள் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். அண்ணி அவன் கையிலிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்து, உன் எழுத்து யாருக்கும் புரியாது என்று சொல்லி, மெஷின் மேல் தாளை வைத்துத் தானே முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள்.